திறந்து பார்க்கும் வித்தை

சென்னை அண்ணா சாலையின் இரைச்சலிலிருந்து விலகிச் சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாகத் திரும்பினால் எதிர்ப்படுகிற ரிச்சித் தெருவையும், அதனோடு ஒட்டிக் கிடக்கிற நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிபு தெரு முதலிய சந்துகளையும் அறியாத மின்னணுப் பிரியர்கள் தமிழ்நாட்டில் அரியர். வானொலிக்கு உதிரி உறுப்புத் தேடி வந்தவர்களும், அவர்களுக்குப் பின் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் டேப் ரெக்கார்டருக்கும் சாமான் தேடி வந்தவர்களும், அவர்களுக்கும் பின் சொந்தமாகக் கம்ப்யூட்டர் கட்டிக்கொள்ள வந்தவர்களுமாக, கைவேலையில் ஆசை கொண்டவர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தன்பால் இழுத்துவந்திருக்கும் இடம் அது. 1734ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார் நெசவாளர்களையும் நூல் நூற்போரையும் குடியேற்றுவதற்கென்றே கூவத்தின் கரையில் ஏற்படுத்திய பேட்டை சிந்தாதிரிப்பேட்டை என்று சென்னையின் சரித்திரம் கூறும். தறி ஓடிய பேட்டையை அடுத்து இன்று ஈயம் பற்றவைக்கும் தொழில் நடக்கிறது என்பதை எண்ணும்போது, கைத்தொழிலை ஆதரிக்கும் சுபாவம் சில நிலங்களுக்கு உண்டோ என்று எனக்குத் தோன்றுகிறது.

பழைய கம்ப்யூட்டர்களையும், வீட்டுக்குள்ளே இணையத்தைப் பகிர்ந்து கொடுக்கிற மோடம், ரௌட்டர், ஸ்விட்ச் என்னும் சிறு பெட்டிகளையும் காயலான் கடைகளிலிருந்தும் நண்பர்களின் பரண்களிலிருந்தும் மீட்டுவந்து, பழுது நீக்கி, அவற்றுக்கு மறுபடியும் ஒரு வேலை கொடுத்துப் பார்ப்பது என் நெடுநாளைய பொழுதுபோக்கு. இப்பொழுதுபோக்கு உடையவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள்; தாங்கள் கண்டறிந்ததை ஒருவருக்கொருவர் தாராளமாக எடுத்துரைக்கவும் செய்கிறார்கள். ஆயினும், ஓய்வு நேரத்தில் ஒரு யந்திரத்தைத் திறந்து பார்க்கிறவன் அறிந்திருப்பதைவிட, காலை முதல் இரவு வரை அதையே பிழைப்பாகச் செய்கிறவன் அறிந்திருப்பது பன்மடங்கு அதிகம் என்பதும், அவ்வறிவில் பெரும்பகுதி எந்தப் புத்தகத்திலும் ஏறாமல் விரல்களிலேயே தங்கியிருக்கிறது என்பதும் என் அபிப்பிராயம். அந்த விரல்களை அருகிருந்து காண வேண்டும் என்ற ஆசையினாலேயே, புதுச் சாமான்கள் பளபளக்கும் கடைமுகப்புகளைக் கடந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய படிக்கட்டு ஒன்றின் வழியே முதல் மாடியிலுள்ள பழுதுபார்க்கும் அறைக்குச் சென்றேன்.

அறை சிறியது, ஆனால் அதில் ஒழுங்கு இருந்தது. சுவரை ஒட்டிய நீண்ட மேஜையின்மேல் ரப்பர் விரிப்பு. அதன்மேல் விளக்கு பொருத்திய உருப்பெருக்கிக் கண்ணாடி, சால்டரிங் அயர்ன், சூடான காற்றை ஊதுகிற ஹாட் ஏர் கருவி, மல்ட்டிமீட்டர், வேண்டிய அளவு மட்டும் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை, பழைய பல்துலக்கும் பிரஷ்கள், ஃப்ளக்ஸ் டப்பா, ஸ்பிரிட் புட்டி. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகைகள் அளவுவாரியாகச் செங்குத்தாக நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றில் சில சரிபார்த்து அனுப்ப வேண்டியவை, சில உறுப்புக்காக வைத்திருப்பவை. இந்த அறையின் தலைவரை வாடிக்கைக்காரரும் சக தொழிலாளரும் ஒருங்கே ‘பாய்’ என்று அழைக்கிறார்கள். வானொலி பழுதுபார்ப்பதில் தொடங்கி, தொலைக்காட்சி, கம்ப்யூட்டர் என்று காலத்தோடு நகர்ந்து வந்தவர் அவர். அவரிடம் தொழில் பழகும் இளைஞர் இருவர், ஆளுக்கொரு பலகையின்மேல் குனிந்திருந்தார்கள்.

அடியோடு உயிரற்றுக் கிடந்த தாய்ப்பலகை ஒன்றை அவர் பரிசோதித்த முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என்னைப் போன்ற பொழுதுபோக்காளர்கள் முதலில் செய்வது மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது. அவரோ அதைக் கடைசிக்கு ஒத்திவைத்தார். பலகையை விளக்கின்கீழ் சாய்த்தும் நிமிர்த்தும் வெகுநேரம் பார்த்தார். பிறகு மூக்கின் அருகே கொண்டுசென்று முகர்ந்தார்.

“கரண்ட் குடுக்கறதுக்கு முன்னாடி கண்ணால பார்த்துடணும் சார். பாதி வியாதி வெளியிலயே தெரியும். அவசரப்பட்டு கரண்ட் குடுத்தா, இருக்கறதும் போயிடும்” என்றார்.

கண்ணுக்குப் பிடிபடாத பழுது மீட்டருக்குப் பிடிபட வேண்டும். பலகையில் 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று பல மின்பாதைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தரைக்கம்பிக்கும் இடையே உள்ள தடையை முதலில் அளந்து, எந்தப் பாதையில் தடை இல்லாமற் போய் ஷார்ட் ஆகியிருக்கிறது என்பதைக் காண்கிறார்கள். பின்னர், அந்தப் பாதைக்கு மட்டும் ஒரு வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தத்தில் அளவான மின்சாரத்தைச் செலுத்தி, பலகையின்மேல் ஸ்பிரிட்டைத் தூரிகையால் தடவுகிறார்கள். ஷார்ட் ஆன உறுப்பு எதுவோ அது சூடாகும். சூடான இடத்தில் ஸ்பிரிட் மற்ற இடங்களுக்கு முன்பாகக் காயும். கடுகின் அளவே உள்ள ஒரு கண்டென்சரைச் சுற்றி வட்டமாக ஈரம் உலர்ந்துகொண்டு வந்ததை அன்று நான் கண்ணாரக் கண்டேன். விலை உயர்ந்த வெப்பக் காமிரா காட்டும் விவரத்தை, ஒரு தூரிகையும் சில துளி ஸ்பிரிட்டும் காட்டிவிட்டன. உறுப்பு அகற்றப்பட்டது, ஷார்ட் நீங்கியது. அதற்கு அப்புறமே பலகைக்கு முழு மின்சாரம் கொடுக்கப்பட்டது.

பழைய கம்ப்யூட்டர்களின் நோய்களில் பிரசித்தமானது, உருளை வடிவக் கண்டென்சர்கள் உப்பிப்போவது. 1999 முதல் 2007 வரையிலான காலத்தில் தயாரான தாய்ப்பலகைகளிலும் பவர் சப்ளைகளிலும், மின்பகு திரவத்தின் குறைபாட்டால் இவை உரிய ஆயுளுக்கு முன்பே ஏராளமாகக் கெட்டுப்போயின. அலுமினிய உருளையின் தலையில் சிலுவைக் குறியாகவோ கே என்ற ஆங்கில எழுத்தின் வடிவிலோ மெல்லிய கீறல் இட்டிருப்பார்கள். உள்ளே வாயு சேர்ந்து அழுத்தம் மிகும்போது, வெடித்துச் சிதறாமல் அக்கீறல் வழியே பிளந்துகொள்ளட்டும் என்பதே நோக்கம். ஆகையால் தட்டையாக இருக்க வேண்டிய தலை மேடிட்டிருந்தாலே கண்டென்சர் போய்விட்டது என்று தீர்மானிக்கலாம். மாற்றுவதிலும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது. கொள்ளளவு பழையதற்கு ஒத்திருக்க வேண்டும். தாங்கும் வோல்ட் பழையதற்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ இருக்கலாமேயன்றிக் குறையக் கூடாது. நேர்முனையும் எதிர்முனையும் மாறக் கூடாது. 85 பாகை வெப்பம் தாங்குவதைவிட 105 பாகை தாங்குவதையே தேர்ந்தெடுக்க வேண்டும். ஏனெனில் சூடு 10 பாகை குறைந்தால் இவ்வுறுப்பின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது பொது விதி.

இதனினும் பழைய, 386, 486 என்ற எண்களால் அழைக்கப்பட்ட கால யந்திரங்களில் வேறொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. கடிகாரமும் அமைப்பு விவரங்களும் அழியாமல் இருப்பதற்காகப் பலகையிலேயே பற்றவைத்த நிக்கல் காட்மியம் மின்கலம், ஆண்டுகள் கழிந்த பின் காரநீர் கசிந்து, தாமிரக் கோடுகளைப் பச்சை பூக்க அரித்துவிடும். வினிகரைத் தொட்டுத் துடைத்துக் காரத்தை மாற்றி, பிறகு ஸ்பிரிட்டால் கழுவி, அறுந்த கோடுகளுக்கு ஈடாக மயிரிழைக் கம்பி வைத்துப் பற்றவைத்தால் அப்பலகை பிழைக்கும். பரணிலே பழைய கம்ப்யூட்டர் வைத்திருப்போர் வேறொன்றும் செய்யாவிடினும், அந்த மின்கலத்தையாவது முதலில் கத்தரித்து எடுத்துவிடுவது நன்று. பிற்காலத்துப் பலகைகளில் அந்த ஸ்தானத்தைப் பிடித்த 3 வோல்ட் வட்ட மின்கலம் இத்தகைய தீங்கு செய்வது அபூர்வம். தீர்ந்துபோனால் கம்ப்யூட்டர் தேதியை மறந்துவிடும், அவ்வளவே.

தொழிலாளருடைய தேகநிலையைப் பற்றியும் இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை. பழைய பலகைகளில் உபயோகித்தது வெள்ளீயமும் காரீயமும் 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த உலோகம். அது 183 பாகையில் உருகும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 ஜூலையிலிருந்து காரீயத்தை விலக்கியதைத் தொடர்ந்து பரவிய புதிய கலவைகளுக்கு 217 பாகையளவு வெப்பம் வேண்டும். கைவேலைக்குப் பழைய கலவையே இணங்கிவருகிறது என்று தொழிலாளர் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் காரீயம் கையில் ஒட்டிச் சோற்றோடு உள்ளே போகும் நஞ்சு. பற்றவைக்கும்போது எழும் புகை பெரும்பாலும் ஃப்ளக்ஸின் புகை. அதுவும் மூச்சுக்குழாய்க்கு ஆகாதது. பாயின் அறையில் ஜன்னலோரம் புகையை வெளியே தள்ளும் விசிறி ஒன்று இடைவிடாமல் சுழன்றது. கை கழுவாமல் தேநீர்க் குவளையைத் தொட்ட பையனை அவர் கடிந்துகொண்டதையும் பார்த்தேன். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியைத் திறப்பதற்கோ அவர் இளைஞரைத் தனியே விடுவதில்லை. 230 வோல்ட் மாறுமின்சாரம் அதற்குள் நேர்மின்சாரமாகும்போது 325 வோல்ட்டை எட்டுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கண்டென்சர்கள் அந்த மின்சாரத்தைத் தம்முள் அடக்கி வைத்திருக்கும். அதை ஒரு ரெசிஸ்டர் வழியாகக் கழித்து, மீட்டரால் அளந்து பார்த்த பிறகே விரல் உள்ளே போகலாம் என்பது அந்த அறையின் விதி. வீட்டில் இவ்வேலையில் இறங்குவோரும் இவ்விதியை மீறலாகாது.

மாடியிலிருந்து இறங்கி, கேபிள் விற்கும் கடையொன்றில் நின்றேன். அங்கே வேலை செய்யும் பெண், வாடிக்கையாளர் கேட்ட நீளத்துக்குக் கம்பியை வெட்டி, மேலுறையை உரித்து, எட்டு இழைகளையும் நேராக்கி, வரிசைப்படுத்தி, ஓரத்தைச் சமமாக நறுக்கி, கண்ணாடிபோன்ற பிளக்கினுள் செருகிக் கிரிம்பிங் கருவியால் ஓர் அழுத்து அழுத்துவதற்கு ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை. வரிசையை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். “ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன்” என்று வாய்பாடு ஒப்பிப்பதுபோல் சொல்லி, “கண்ணை மூடிட்டும் செய்வேன் சார், ஆனா டெஸ்டர்ல போட்டுப் பார்க்காம யாருக்கும் குடுக்க மாட்டேன்” என்றார். டெஸ்டரில் எட்டு விளக்குகளும் முறைப்படி எரிந்த பிறகே சரக்கு கைமாறியது.

பச்சை இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இராமல், நடுவே நீலம் புகுந்து அவற்றைப் பிரிப்பதைக் காண்போர், இது ஏதோ காரணமற்ற வழக்கம் என்று நினைத்தல் கூடும். ஆனால் நடு இரண்டு இழைகள் நீல இணையாக இருப்பது பழைய தொலைபேசி இணைப்பின் வழிவந்த ஏற்பாடு. கம்பிகளை இரண்டிரண்டாக முறுக்குவதும் தொலைபேசியிலிருந்து வந்ததே; 1881இல் அலெக்ஸாண்டர் கிரகாம் பெல் இதற்கு உரிமை பெற்றார். வெளியிலிருந்து வரும் மின்னதிர்வு, முறுக்கிய இரண்டு இழைகளையும் ஒரே அளவில் தாக்குகிறது. பெறும் யந்திரமோ இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை மட்டுமே படிக்கிறது. ஆகையால் இரைச்சல் தன்னைத்தானே ரத்து செய்துகொள்ள, செய்தி மட்டும் எஞ்சுகிறது. நான்கு இணைகளும் ஒன்றையொன்று பாதியாமல் இருக்கும்பொருட்டு, ஒவ்வொன்றும் வெவ்வேறு நெருக்கத்தில் முறுக்கப்பட்டிருக்கும். பிளக்கினருகே முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது என்று அந்தப் பெண் கடைப்பிடித்த கட்டுப்பாடு, இந்தப் பௌதிக விதியின் நேரான அநுசரிப்பு. 1973இல் அமெரிக்காவின் ஜெராக்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தில் ராபர்ட் மெட்காஃப் முதலானோர் தடித்த ஒற்றைக் கம்பியில் தொடங்கிய ஈதர்நெட், 1990இல் இம்முறுக்குக் கம்பிக்கு உரிய நிர்ணயத்தைப் பெற்றது. அதன் பயனாகவே இன்று 100 மீட்டர் தூரம்வரை ஒரு மெல்லிய கம்பி ஒரு வீட்டை அல்லது அலுவலகத்தைச் செம்மையாக இணைக்கிறது.

இத்தெருவின் சாமான்கள் போய்ச் சேரும் வீடுகளில் ஒன்றையும் பார்க்க விரும்பி, மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் நண்பர் ஒருவரிடம் சென்றேன். தொலைபேசி இலாகாவில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர் அவர். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் திறந்துவிடப்பட்ட நாள் 1995 ஆகஸ்டு 15. விதேஷ் சஞ்சார் நிகாம் ஸ்தாபனம் அதை நடத்தியது. அக்காலத்து, தொலைபேசி வழியே கீச்சிட்டுப் பேசும் டயல்-அப் மோடமும், 2005இல் தொடங்கிய பி.எஸ்.என்.எல். அகலப்பட்டையின் மோடமும், இன்றைய கண்ணாடியிழைப் பெட்டியும் அவருடைய அலமாரியில் வரிசையாக அமர்ந்திருக்கின்றன. முதலாவதன் உச்ச வேகத்தில் ஒரு மெகாபைட் வருவதற்கு இரண்டு மூன்று நிமிஷங்கள் ஆகும். அவற்றை அவர் அலங்காரப் பொருளாக வைத்திருக்கவில்லை, ஒவ்வொன்றும் இயங்குகிறது.

அவர் வீட்டு இணையத்தின் வாயிற்காவலன், அலுவலகமொன்று கழித்துப்போட்ட கம்ப்யூட்டர். அதிலே இரண்டாவது நெட்வொர்க் கார்டு ஒன்றைச் செருகி, யாவரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய ஃபயர்வால் மென்பொருளை நிறுவியிருக்கிறார். ஒரு கார்டின் வழியே வெளியுலகம் வருகிறது. மற்றதன் வழியே வீடு இணைகிறது. இடையிலே எது போகலாம், எது போகலாகாது என்ற கட்டளைகளை அவரே எழுதி வைத்திருக்கிறார். விளம்பரத் தளங்களை அவற்றின் பெயரைக் கண்டதுமே தடுத்து நிறுத்தும் ஏற்பாடும் அதில் உண்டு. வாடகைக்கோ இரவலாகவோ வந்த மூடிய பெட்டியை வைத்துக்கொண்டு, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அறியாமல் இருப்பதை அவர் மனம் ஒப்பவில்லை. பழைய கம்ப்யூட்டர் மின்சாரத்தை அதிகமாகக் குடிக்கும் என்பதை அவர் மறுப்பதில்லை. அதனால்தான் மடிக்கணினியின் பலகையையும் சிறு அலுவலக யந்திரங்களையும் இவ்வேலைக்குத் தேர்ந்தெடுக்கிறார்.

அவர் அலமாரியில் கறுப்பும் நீலமுமாக, இரண்டு கொம்பு முளைத்தாற்போல் ஆண்டெனாக்களுடன் நிற்கும் ஒரு ரௌட்டருக்குத் தனிச் சரித்திரம் இருக்கிறது. லின்க்ஸிஸ் நிறுவனம் 2002 டிசம்பரில் வெளியிட்ட டபிள்யூ.ஆர்.டி.54ஜி என்பது அதன் பெயர். அதனுள்ளே இயங்குவது லினக்ஸ் என்னும் திறந்த இயங்குதளம் என்பதை ஆர்வலர் சிலர் 2003இல் கண்டுகொண்டார்கள். லினக்ஸை எவரும் எடுத்தாளலாம். ஆனால் திருத்திய வடிவத்தை விற்கிறவர், அதன் மூல நிரலைப் பெற்றவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது அதன் உரிமப் பத்திரம் விதிக்கும் நிபந்தனை. நிபந்தனையைச் சுட்டிக்காட்டி வற்புறுத்தவே, நிறுவனம் நிரலை வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் பிறந்தது ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி. என்ற கூட்டு முயற்சி. இன்று பல்வேறு நிறுவனங்களின் எண்ணற்ற ரௌட்டர்களில் அது இயங்குகிறது. 4 மெகாபைட் சேமிப்பும் 16 மெகாபைட் நினைவகமும் மட்டுமே கொண்டிருந்த அச்சிறு பெட்டியில், ஆர்வலர்கள் அலைவலிமையைக் கூட்டியும், தூரத்து வீட்டோடு பாலம் அமைத்தும், போக்குவரத்தைப் பங்கிட்டும், விலையுயர்ந்த சாதனங்கள் செய்யும் காரியங்களைச் செய்வித்தார்கள். 2005இல் நிறுவனம் செலவைக் குறைக்கக் கருதி நினைவகத்தைப் பாதியாக்கி, லினக்ஸையும் நீக்கியபோது, ஆர்வலருக்கென்றே பழைய அமைப்பைக் கொண்ட வேறொரு வகையையும் விற்க நேர்ந்தது. பெருவாரியாக உற்பத்தியாகும் ஒரு சரக்கின் போக்கைப் பொழுதுபோக்காளர்கள் இப்படித் திருப்பியது சாமானிய விஷயம் அன்று.

மென்பொருள் மாற்றும்போது மின்சாரம் நின்றுபோனால் ரௌட்டர் செங்கல்லாகிவிட்டது என்பார்கள். ஆனால் அநேகமாக எல்லாச் செங்கல்லுக்கும் விமோசனம் உண்டு. பெட்டியைத் திறந்தால் பலகையின் ஓரத்தில், யாரும் உபயோகிக்காமல், நான்கு சிறு துளைகள் வரிசையாக இருக்கும். அவை தயாரிப்பாளர் தம் சோதனைக்காக வைத்த பேச்சுவழி: ஒன்று மின்சாரம், ஒன்று தரை, ஒன்று யந்திரம் பேசுவது, ஒன்று யந்திரம் கேட்பது. நண்பர் அத்துளைகளில் ஊசிகளைப் பற்றவைத்து, மின்சாரத் துளையை விட்டுவிட்டு மற்ற மூன்றையும் ஒரு சிறு அடாப்டரின் மூலம் தம் கம்ப்யூட்டரோடு இணைத்தார். இங்கே 3.3 வோல்ட்டுக்குரிய அடாப்டரே வேண்டும்; பழைய சீரியல் துறையை நேரே இணைத்தால் 12 வோல்ட்வரை பாய்ந்து சில்லு கருகிவிடும். விநாடிக்கு 1,15,200 துடிப்பு என்ற வேகத்தை அமைத்து ரௌட்டருக்கு மின்சாரம் கொடுத்ததும், அது எழுந்திருக்கும் வரலாறு முழுவதும் திரையில் வரிவரியாக ஓடியது: நினைவகத்தை எண்ணியது, சேமிப்பின் பகுதிகளை அடையாளம் கண்டது, கருநிரலை விரித்தது, நெட்வொர்க் துறைகளை ஒவ்வொன்றாக எழுப்பியது, பழுதான இடம் வந்ததும் இன்னது கிடைக்கவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. தொடக்க நிரல் காத்திருக்கும் இரண்டொரு விநாடிக்குள் விசையை அழுத்தி அதைத் தடுத்து நிறுத்தி, நல்ல மென்பொருளைக் கம்பி வழியே அனுப்பி ஏற்றியபின், ரௌட்டர் இயல்பாக எழுந்தது. தன் பழுதைத் தானே வாய்விட்டுச் சொல்லும் யந்திரத்தை ஒருமுறை கண்டவருக்கு, ஒளிரும் விளக்கு ஒன்றை மட்டும் காட்டி மௌனம் சாதிக்கும் பெட்டியிடம் அப்புறம் திருப்தி உண்டாவதில்லை.

பழையது எல்லாம் பொன் என்று நான் வாதிக்கவில்லை. ஆரம்பகாலக் கம்பியில்லா ரௌட்டர்கள் கைக்கொண்ட டபிள்யூ.இ.பி. என்னும் மறைபூட்டு முறை, 2001லேயே உடைக்கப்பட்டுவிட்டது. தயாரிப்பாளர் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத ரௌட்டர்களையும் காமிராக்களையும் பிடித்துப் படையாகத் திரட்டி, மிராய் என்ற தீநிரல் 2016இல் இணையத்தின் பெருந்தளங்கள் பலவற்றை முடக்கியது. ஆதலால் பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன பெட்டியை வெளியுலகத்தின் வாசலில் நிறுத்துவது அபாயம். புதிய திறந்த மென்பொருள் ஏற்ற இடமுண்டாயின் ஏற்றுவது, இல்லையேல் வீட்டுக்குள்ளேயே வெறும் ஸ்விட்சாக வைத்துக்கொள்வது, அதற்கும் உதவாதாயின் உறுப்புக்காகப் பிரிப்பது என்பது நண்பர் கடைப்பிடிக்கும் நெறி. அது எல்லோருக்கும் ஏற்றது.

தமிழர்களாகிய நமக்குப் பழைய யந்திரங்களிடம் வேறொரு கடமையும் இருக்கிறது. தமிழ் எழுத்துகள் யூனிகோடு என்னும் பொதுக் குறியேற்றத்தில் 1991லேயே இடம்பெற்றன எனினும், நம் அச்சகங்களும் பத்திரிகைகளும் அதன் பின்னர் வெகுகாலம் ஒன்றுக்கொன்று பொருந்தாத எழுத்துருக்களையே வைத்துத் தட்டச்சு செய்துவந்தன. 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்ற குறியேற்றங்களையும், 2010இல் யூனிகோடையும் நிர்ணயித்தது. இடைக்காலத்தில் எழுதப்பட்ட கோப்பை இன்றைய கம்ப்யூட்டரில் திறந்தால், அர்த்தமற்ற இலத்தீன் எழுத்துகளே திரையில் குவிகின்றன. அக்கோப்புகள் பல 1.44 மெகாபைட் கொள்ளும் மூன்றரை அங்குல பிளாப்பித் தட்டுகளிலேயே இருக்கின்றன. அத்தட்டுகளின் உற்பத்தியை சோனி நிறுவனம் 2011இல் நிறுத்திக்கொண்டது. சிற்றச்சகம் ஒன்றிலிருந்து வந்த தட்டுகளை நண்பர் தம் பழைய கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாகப் படித்து, அக்கால எழுத்துருவை இனங்கண்டு, யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருந்தார். டிரைவின் படிக்கும் தலையைப் பஞ்சாலும் ஸ்பிரிட்டாலும் துடைத்து, பூஞ்சை பிடித்த தட்டை மெதுவாகக் கழுவி உலர்த்தி, படிக்க மறுக்கும் இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கச் செய்து அவர் மீட்கும் பக்கங்களில், வேறெங்கும் பிரதி இல்லாத உள்ளூர்ச் சரித்திரங்களும் இருக்கக் கூடும். பழைய டிரைவைப் பழுதுபார்க்கத் தெரிந்தவன் இல்லாதுபோனால், அவை அத்தனையும் நமக்கு இல்லாதனவே.

உலகில் 2022ஆம் ஆண்டில் மட்டும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு சேர்ந்தது என்றும், அதில் 22.3 சதவீதமே முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது என்றும் ஐக்கிய நாட்டு அமைப்புகள் வெளியிட்ட கணக்கு கூறுகிறது. இந்தியா 2011இல் இதற்கெனத் தனி விதிகள் செய்தது. 2023 ஏப்ரல் முதல் திருத்திய விதிகள் அமலில் இருக்கின்றன. ஆயினும், கழிவைச் சேகரிப்பதைக் காட்டிலும் கழிவாகாமல் காப்பது சிறந்தது அன்றோ? 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10க்குரிய ஆதரவு நின்றது; குற்றம் ஏதுமின்றி ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்கள் பல, புதிய விண்டோஸ் கேட்கும் பாதுகாப்புச் சில்லு முதலியவை தம்மிடம் இல்லாத ஒரே காரணத்தால் பழைய சாமான் வரிசையில் வந்துவிட்டன. அவற்றில் கட்டற்ற மென்பொருளை ஏற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலையைப் பாயின் இளைஞர்கள் அரைநாளில் செய்துவிடுவார்கள். காப்பி ஆறுவதற்குள் கழிவாக்கிவிடும் வியாபாரத்துக்கு, அவர்களுடைய நிதானமே தக்க பதில்.

ஆனால் அவர்களுடைய வித்தைக்கு இடையூறு பெருகிவருகிறது. பழைய பலகையின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிந்தன, அவற்றின்மேல் எண் எழுதியிருந்தது, கடையில் அவை கிடைத்தன. இன்றைய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகமே பலகையோடு ஒன்றாகப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. மின்கலத்தைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். மின்சுற்று வரைபடம் தயாரிப்பாளருக்கு வெளியே செல்வதில்லை. “படம் குடுத்தா போதும் சார், மிச்சத்தை நாங்க பார்த்துப்போம்” என்று பாய் என்னிடம் சொன்னது நியாயமான கோரிக்கை. பழுதுபார்க்கும் உரிமையைப் பற்றி ஆலோசிக்க மத்திய அரசு 2022இல் ஒரு குழு அமைத்ததும், அதற்கென ஒரு தளம் திறந்ததும் வரவேற்கத்தக்கவை. வரைபடமும் உதிரி உறுப்பும் மேஜைக்கு வந்து சேரும்போதுதான் அவ்வுரிமை உரிமையாகும்.

நம் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் ஒரு பழைய கம்ப்யூட்டரையும் ஒரு கழித்த ரௌட்டரையும் ஒவ்வொரு மாணவன் கையிலும் கொடுத்து, திறந்து, அளந்து, படித்து, மறுபடி மூடச் செய்தால், அவன் கற்பது அவ்விரண்டு யந்திரங்களை மட்டும் அன்று. மின்சாரம் எந்த வழியில் போகிறது, செய்தி எந்த வழியில் வருகிறது, கட்டளை யாருடையது என்ற மூன்று கேள்விகளையும் தான் கையாளும் எதனிடத்தும் கேட்கும் துணிவை அவன் பெறுவான். ரிச்சித் தெருவின் மேஜைகளில் அத்துணிவு ஊதியத்துக்காகவும், என் நண்பரின் அலமாரியடியில் ஆசைக்காகவும் வளர்கிறது. இரண்டும் ஒரே கல்வி. அக்கல்வியை உடைய மனிதர்கள் நம்மிடையே இருக்கும்வரையில்தான், விலை கொடுத்து வாங்கிய யந்திரத்துக்கு நாம் சொந்தக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள முடியும்.